‘ம’ தலையில் ஒரு கொக்கி

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் தம்பி பெண்டாட்டியும் நலம், அவளுடைய இருமல் மட்டும் இன்னும் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் முட்டி வலி எப்படி? அச்சகத்து மாடிப்படியை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஏறி இறங்குவாய்?

இங்கே ஒரு கூத்து. எங்கள் நகரத் தலைவர் தனக்குத் தானே சிலை வைத்துக்கொண்டார். ஆள் உயிரோடு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். சிலைக்கு இடம் வேண்டும் என்று நாற்சந்தி நடைபாதையில் இருந்த புத்தகக் கடைகள் ஏழையும் ஒரே காலையில் வாரிக் கொட்டிவிட்டார்கள். என் கடையும் அதில் ஒன்று. படப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு, சாவி செய்கிறவருக்கும் தையல்காரருக்கும் நடுவில் ஓர் அறை பிடித்திருக்கிறேன். நான் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும்.

சிலையைப் பார்க்க வேண்டுமே நீ! வலது காலை முன்னே தூக்கி வைத்து, பெரிய பூட்ஸ். பீடத்தில் பொன் எழுத்தில் ‘மக்களை மதித்தவர்’ என்று இருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் அந்த ‘ம’ தலையில் ஒரு கொக்கி போட்டிருப்பேன். மக்களை மிதித்தவர். தூக்கின காலுக்கும் பொருத்தம், கடை இழந்த ஏழு பேருக்கும் பொருத்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 29

கடைசிப்பக்கத்துக்கு,

முட்டி இருக்கிறது, நானும் இருக்கிறேன். அவளுடைய இருமலுக்கு மருத்துவரிடம் போ, கேலி பேசிக்கொண்டிராதே.

உன் கடிதத்தை வேலை மேஜையில் வைத்துத்தான் படித்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதலாளி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

புதுப் புத்தகம் ‘இரும்புத் தொப்பி’, நாற்பத்தெட்டுப் பக்கம். ஓவியர் படம் போட்டு அனுப்பிவிட்டார். பேச்சுக் குமிழிகளிலும் கடைப் பலகைகளிலும் எழுத்து வரைவதுதான் பாக்கி, அதாவது நான்தான் பாக்கி. முப்பத்தோராம் பக்கத்தில் இதிலும் ஒரு சிலை வருகிறது. உன் ஊர்ச் சிலை ஞாபகம் வந்தது.

மார்ச் கடைசியில் பார்சல் வந்துவிடும். நீ எப்படியும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். ஐந்து வயதில் வந்த பழக்கம், உனக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தானே! அதனால் எப்போதும் என் ‘முற்றும்’தான் முதலில் உன் கண்ணில் படும். இந்தத் தடவை கொஞ்சம் அழகாகவே போடுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

நலமா என்று நான் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். என் நலத்தை நீ கேட்காதே. எட்டு நாள் கம்பி எண்ணிவிட்டு நேற்றுதான் ஜாமீனில் வந்தேன். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

‘இரும்புத் தொப்பி’ வந்து ஐந்தாம் நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் கடை வாசலில் நின்று ஒரு பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு வியாபாரம் நடந்தால் போதும், என்னவென்று கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, நேரே முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். “இது என்ன, படி” என்றார். படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிலை, தூக்கின கால், பீடத்தில் ‘மக்களை மிதித்தவர்’!

சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அதுதான் நான் செய்த தப்பு. “சிரிக்கிறியா?” என்று சட்டையைப் பிடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகளையும் அள்ளினார்கள். பட்டியல் எழுதின கான்ஸ்டபிள், குற்றப் பொருள் என்ற இடத்தில் ‘கொக்கி – 212’ என்று எழுதினார். கடைக்கு முத்திரை. பலகையை உடைத்தே எறிந்தார்கள். பொது மனிதரை இழிவுபடுத்தும் நூலை விற்றேனாம். தீர்ப்பு எதிராகப் போனால் ஒரு வருஷம் உள்ளே, கடை உரிமமும் போய்விடும்.

என் பெண்டாட்டி காவல் நிலையத்து வாசலில் நின்று சத்தம் போட்டாள்: “பொம்மை பாக்கற புஸ்தகத்துக்கா போலீஸு? எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது உள்ள இருக்கீங்களா?” அதன்பிறகு எனக்குத் தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கொக்கி அங்கே எப்படி வந்தது, அக்கா?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னையா? எட்டு நாளா? சாப்பிட என்ன கொடுத்தார்கள்? அடித்தார்களா? மறைக்காமல் எழுது.

புத்தகக்காரர்களுக்காக வாதாடும் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள வக்கீலம்மாவுக்கு உன் விவரம் எல்லாம் எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் உன்னைத் தேடி வருவார். அவர் சொல்வதைக் கேள். இன்ஸ்பெக்டர் முன்னால் சிரிக்காதே.

மற்றது பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

மே 2

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பியைப் பார்த்துப் பேசினேன். இளைத்திருக்கிறார், வாய் மட்டும் இளைக்கவில்லை.

வழக்கு அந்த ஒரு கொக்கியின் மேல்தான் நிற்கிறது. அச்சு மை தெறித்த கறை என்று சொல்லிப் பார்க்கலாம் என நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கறை இவ்வளவு அழகாக வளையாது. ஆகவே எழுத்தை வரைந்த தாங்கள்தான் சொல்ல வேண்டும். கை தவறியது என்று உறுதிமொழி கொடுத்தால் வழக்கு அன்றே முடியும், கடை திறக்கும். அறிந்து எழுதியது என்றால் தங்கள் மேலும் வழக்கு வரலாம்.

இரண்டில் எது நடந்ததோ அதை எழுதுங்கள். பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாதாடுவதில்லை. என் தரப்பு ஒன்றுதான்: கொக்கி தவறி விழுந்திருந்தாலும் சரி, தெரிந்து போட்டதானாலும் சரி, கேலிப் படம் உள்ள புத்தகத்தை விற்றதற்காக ஒருவரைச் சிறையில் போடக்கூடாது. பிழை என்று சொல்லி இவரை மீட்டால், அடுத்த கடைக்காரர் பிழை இல்லாத புத்தகத்தோடு மாட்டுவார். ஆனால் உள்ளே போகப்போவது நான் இல்லை, உங்கள் தம்பி. அதையும் மறக்கவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்
வக்கீல்

*

மே 6

அக்கா,

சுகமா? இங்கே ஏதோ பரவாயில்லை. சாவிக்காரர் அவர் கடை வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். முத்திரை வைத்த என் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வக்கீலம்மா எழுதியிருப்பார். அக்கா, எல்லாம் என்னால் வந்தது. நான் விளையாட்டாக எழுதினது உன் மனசில் ஒட்டிக்கொண்டு, வேலை செய்யும்போது கை தவறிவிட்டது. பதினொரு வருஷத்தில் ஒரு புள்ளி பிசகாத கை, என் வாயால் பிசகிவிட்டது. இதில் உனக்கு என்ன அவமானம்? ‘கை தவறியது’ என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பிவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இன்னொன்று. ஜனவரி மாதத்துப் பழைய காகிதங்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிராதே. கரையான் வரும்.

தம்பி

*

ஜூன் 17

அன்புள்ள தம்பி,

ஆறு வாரம் பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய். அவளுடைய இருமல் நின்றதா? என் முட்டி வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீலப் பேனாவில் எழுதுகிறேன், கறுப்பு மை தீர்ந்துவிட்டது. என் வீட்டில் கரையானும் இல்லை.

கை தவறுவது எப்படி என்று உனக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். ‘மதித்தவர்’ என்று எழுதும்போது அடுத்து வருகிற ‘தி’யின் கொக்கி அவசரப்பட்டு முன்னால் வந்து ‘ம’ மேல் உட்காரும். வரும்தான். ஆனால் அப்போது ‘தி’ மொட்டையாகிவிடும். ‘மிதத்தவர்’ என்றுதான் விழும். தவறிய கை ஒரு கொக்கியை இடம் மாற்றும், இரண்டு கொக்கி போடாது. அந்தப் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. அதோடு நான் முதலிலேயே பென்சிலில் கோடு இழுத்து, ‘ம’வுக்கு மேலே கொக்கிக்கு இடம் விட்டிருந்தேன். கதைத் தாளில் அந்தப் பீடத்துக்கு நேராக ‘ஏதாவது ஒரு வாசகம், உங்கள் இஷ்டம்’ என்று இருந்தது. பதினொரு வருஷமாக மற்றவர்கள் வார்த்தையைத்தான் எழுதினேன், தம்பி. வீரன் கத்துவது, வில்லன் மிரட்டுவது, குதிரை கனைப்பது எல்லாம் யாரோ சொன்னது. என் இஷ்டம் என்று ஒருவர் எழுதினது அதுதான் முதல் தடவை. ஆகவே கை தவறியது என்று என்னால் எழுத முடியாது. அறிந்து எழுதினேன், விற்றவனுக்கு ஒன்றும் தெரியாது என்று வக்கீலம்மாவுக்கு உறுதிமொழி அனுப்பிவிட்டேன்.

மழை வரும் முன் வீட்டு ஓட்டைப் பார்த்துவிடு. அவளைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதே. வெயிலில் அலையாதே, தலையில் துண்டு போட்டுக்கொள்.

அக்கா

*

ஜூன் 23

அக்காவுக்கு,

வழக்கம்போலக் கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன். துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாய். நிம்மதியாக மேலே போனேன். நடுவில் குழி வெட்டி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும், நான் பின்னாலிருந்து வருவேன் என்று தெரிந்துதான் நடுவில் வைத்தாய்.

பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாவிக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தெரிந்தா செய்தாய்? அந்தப் புத்தகம் எந்த ஊர்க் கடைக்கு வரும் என்று உனக்குத் தெரியாதா? பார்சலில் முகவரி எழுதினதும் நீதானே! நீ அங்கே மின்விசிறிக்குக் கீழே ஒரு கொக்கி போட்டாய். நான் இங்கே எட்டு நாள் சிமெண்டுத் தரையில் படுத்தேன். இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கிறது. உன் இஷ்டம் உனக்குப் பெரிது, என் கடை உனக்குப் பொம்மை. நான் உன்னிடம் கேட்டது இரண்டே வார்த்தை.

இனி எழுதாதே. நானும் எழுதப்போவதில்லை.

*

ஜூலை 1

தம்பி,

நீ எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். இது ஒன்றுதான்.

நீ சொன்னது எல்லாம் நியாயம். உன்னை நினைக்காமல் எழுதினேன் என்பது பொய், உன்னை நினைத்துத்தான் எழுதினேன். ஏழு கடையையும் வாரிக் கொட்டினார்கள் என்று நீ கேலியாக எழுதியிருந்தாய். எனக்குக் கேலியாகப் படவில்லை. வயிறு எரிந்தது. எரிச்சலைக் காட்ட என்னிடம் இருந்தது ஒரு பேனா. உன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கனவிலும் தோன்றவில்லை. ஒரு பொம்மைப் புத்தகத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்த அதிர்ச்சி இன்னும் எனக்குத் தெளியவில்லை.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

எழுதமாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். எல்லோரும் நலம், இருமல் போய்விட்டது. உன் முட்டி? போன இரண்டு கடிதமும் நீல மையில் வந்தன. கறுப்பு மை இன்னுமா வாங்கவில்லை?

இன்று வழக்கு. உன் உறுதிமொழியை வக்கீலம்மா படித்தார். அரசு வக்கீல் எழுந்து சிரித்தார். “கூலிக்கு எழுத்துப் போடுற பொம்பளைக்குக் கருத்து ஒரு கேடா? சொன்னதை எழுதுற கை அது. அதுக்கு எதுக்கு சொந்தப் புத்தி?” என்றார்.

எட்டு வாரமாக உன்மேல் இருந்த கோபம் முழுக்க அப்படியே திரும்பி அந்த ஆள்மேல் போயிற்று. பேசாமல் இரு என்று வக்கீலம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். நான் எழுந்துவிட்டேன்.

“ஐயா, அந்த வார்த்தை என்னோடதுங்க. ஜனவரி மாசமே சொன்னேன், தபால்ல போட்டேன். அக்கா அதை அழகா எழுதினாங்க, அவ்வளவுதான். கை தவறல. அப்போ தெரியாமத்தான் வித்தேன், இப்போ தெரிஞ்சுதான் நிக்கறேன். கடையைத் திறந்துவிட்டா மறுபடியும் விப்பேன்.”

வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். என் பெண்டாட்டி பின்வரிசையில் “போச்சு!” என்றாள், கோர்ட் முழுக்கக் கேட்டது. எனக்கே யாரோ என் வாய்க்குள் இருந்து பேசின மாதிரி இருந்தது.

பிறகு வக்கீலம்மா மெதுவாக எழுந்தார். “இனி எனக்கு வேலை சுலபம் ஐயா. பிழைன்னு யாரும் சொல்லல. ஒருத்தர் ஊர் நடுவுல தன்னைப் புகழ்ந்து எழுதி வச்சுக்கிட்டார், யாரும் தடுக்கல. அதைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சார், ஒருத்தர் எழுதினார், இன்னொருத்தர் அதை வாங்கிப் படிச்சார். இதுல எந்த இடத்துல போலீஸ் வரணும்? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். “சிலையில எந்தக் கால் முன்னால இருக்கு?” என்று கேட்டார். “வலது காலுங்க” என்றேன். குறித்துக்கொண்டார். தீர்ப்பு செப்டம்பரில்.

பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்று நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

உன் தம்பி

*

செப்டம்பர் 15

அக்கா,

விடுதலை.

தீர்ப்பு பதினாலு பக்கம். கையில் கொடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினேன். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் மற்றதைப் படித்தேன். பீடத்தில் புகழ் எழுத ஒருவருக்குக் கல் உண்டென்றால், அதைக் கேலி செய்ய மற்றவருக்குக் காகிதம் உண்டு, அந்தக் காகிதத்தை விற்பவர் குற்றவாளி இல்லை என்று எழுதியிருக்கிறார். உன்மேலும் இனி யாரும் கை வைக்க முடியாது என்கிறார் வக்கீலம்மா.

இருநூற்றுப் பன்னிரண்டு பிரதியில் நூற்றுத் தொண்ணூற்றேழுதான் திரும்பி வந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். “ஸ்டேஷன்ல படிச்சிட்டிருக்காங்க, முடிஞ்சதும் தரோம்” என்றார் கான்ஸ்டபிள். முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே உங்கள் அச்சகத்திலிருந்து ஒரு பார்சல், ஜூலையிலேயே வந்து தையல்காரர் வாங்கி ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறார். புதுப் புத்தகம். சந்தோஷத்தில் நின்றுகொண்டே பிரித்தேன், கடைசிப் பக்கம்.

‘முற்றும்’ இருந்தது. அது உன் கை இல்லை.

உன் ‘ற்’றின் கால் கொஞ்சம் உள்ளே மடங்கும். இதில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்பத்தெட்டுப் பக்கமும் தேடினேன், அக்கா. ஒரு குமிழியில்கூட நீ இல்லை. கடை திறந்த அன்றைக்கே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீல மை! உன் கறுப்பு மை அச்சகத்திலிருந்து வருவதுதானே! என்னைப்போல முட்டாள் உண்டா?

எத்தனை மாதமாக? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கை தவறியது என்று எழுதித் தரும்படி அவர்களும் கேட்டார்களா?

கடைக்குப் புதுப் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யாரையும் அதைத் தொடவிட மாட்டேன். பெயர் ‘கடைசிப் பக்கம்’. ரயில் ஏறு.

தம்பி

*

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பி,

நீ பின்னாலிருந்து வருவாய் என்பதால் இந்தத் தடவை உண்மையை மேலே வைக்கிறேன். மே ஒன்பதாம் தேதி. கை தவறியது என்று எழுதிக் கொடு, நாற்காலி உனக்குத்தான் என்றார் முதலாளி. பேனாக்களைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். உன் கஷ்டத்தில் இதையும் ஏன் ஏற்றுவது என்று சொல்லவில்லை. நீ கோபப்படும்போது சொன்னால் அது நியாயம் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்றும் சொல்லவில்லை.

விடுதலை என்ற வார்த்தையைப் பார்த்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். முட்டி ரயில் தாங்கும். அவளுக்கு என் அன்பைச் சொல், கோர்ட்டில் ‘போச்சு’ என்றதற்குத் தனியாக ஒரு முத்தம்.

வியாழக்கிழமை வருகிறேன். பலகை எத்தனை அடி உயரம் என்று எழுதாமல் விட்டாயே? குட்டையாக வாங்கியிருந்தால் மாற்று. ‘சி’ தலையில் வரும் கொக்கிக்கு மேலே இடம் வேண்டும்.

அக்கா